பிறர் சுமக்கும் தவக்குல்

தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூரில் என் தாய்மாமா ஒருவர் இருக்கிறார். எழுபதைக் கடந்தவர், மானாவாரிக் கரிசலையே நம்பி வாழ்ந்தவர். ஹஜ் குலுக்கலில் அவர் பெயர் வந்த செய்தி கேட்டு, மகிழ்ச்சி சொல்லப் போயிருந்தேன். முன்பே சென்று வந்தவன் என்ற முறையில், தங்குமிடம், பேருந்து, மருந்து, மினாக் கூடாரம் ஆகியவை பற்றிக் குறிப்பெழுதிய நோட்டுப் புத்தகம் ஒன்றையும் எடுத்துப் போனேன். மாமா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அழைத்தவன் அவன். கொண்டுபோய்ச் சேர்ப்பவனும் அவன். நடுவிலே இந்த நோட்டு எதற்கு மருமகனே?”

கேட்பதற்கு இனிய சொல்தான். நம் வீட்டுப் பெரியவர்கள் பலரும் சொல்லக் கேட்ட சொல்லுங்கூட. எனினும் அன்று என்னால் சிரிக்க இயலவில்லை. ஏனெனில் அதே எண்ணத்தோடு மினாவில் ஒருநாள் நடந்தவன் நான். அதன் விலையைக் கொடுத்தவரோ வேறொருவர்.

2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுக்குத் திருமக்காவில் கூடியோர் 18 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இருபது இலட்சத்தைத் தாண்டிய மக்கள் வாழும் மாநகரத்தில் ஏறத்தாழ இன்னொரு மாநகரமே வந்து இறங்கியதற்கு ஒப்பாகும் அது. துல்ஹஜ் பிறை 10, காலை. முஸ்தலிஃபாவிலிருந்து மினாவுக்குத் திரும்பியிருந்தோம். கல்லெறியப் புறப்படும்போது, உளூச் செய்வதற்காகக் கழற்றிய அடையாள அட்டையைக் கூடாரக் கம்பியில் தொங்கவிட்டபடியே மறந்து கிளம்பிவிட்டேன். பாதி வழியில் நினைவு வந்தது. திரும்பிப் போய் எடுத்து வந்திருக்கலாம். “அல்லாஹ் வழிகாட்டுவான்” என்று நடந்தேன். உண்மையைச் சொல்வதானால், அது தவக்குல் அன்று. சோம்பலுக்கு நான் போர்த்திய நல்லாடை.

ஜமராத் பாலத்தின் அமைப்பை அறியாதவர்களுக்கு ஒரு சொல். 2006இல் அங்கே நெரிசலில் முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபின், பல தளங்களாக எழுப்பப்பட்ட பாலம் அது. ஒரு வழியாகச் செல்வோர் அதே வழியாகத் திரும்ப முடியாது. எதிரெதிராக வரும் கூட்டம் மோதாதிருப்பதே அதன் நோக்கம். அந்த ஏற்பாடு எத்தனையோ உயிர்களைக் காக்கின்றது. ஆனால், தன் கூடாரம் எந்த எண்ணுள்ள தூணருகே இருக்கின்றது என்பதை அறியாதவன் வெளியேறும் வழியில் திகைத்து நிற்பான். நான் நின்றேன். வெள்ளைக் கூடாரங்கள் அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருந்தன. கைப்பேசியில் மின்னேற்றம் தீர்ந்திருந்தது. ஐந்து மணி நேரம் அலைந்தேன்.

அலைந்ததில் எனக்குப் பெரிய கேடில்லை. என் கூடாரத்தில் அடுத்த படுக்கை, திண்டுக்கல் பக்கத்து முதியவர் ஒருவருடையது. லுஹருக்குள் திரும்பிவிடுவேன் என்று அவரிடம் சொல்லிச் சென்றிருந்தேன். நான் வரவில்லை என்றதும், எவர் தடுத்தும் கேளாமல் உச்சி வெயிலில் என்னைத் தேடிக் கிளம்பியிருக்கிறார். சாலையோரத்தில் மயங்கி விழுந்தவரை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றிருக்கிறார்கள். இரண்டு நாள் அங்கே கிடந்தார். மறுநாட்களின் கற்களை அவர் கையால் எறிய முடியவில்லை. அவருக்காக நானே எறிந்தேன். தவாஃபை, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி முடித்தார். என்னைக் கண்டதும் அவர் சொன்னது, “வந்துவிட்டீர்களா, அல்ஹம்துலில்லாஹ்” என்பது மட்டுமே. ஒரு கடிந்த சொல்கூட இல்லை. கடிந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை நாம் சிறுவயது முதலே கேட்டிருக்கிறோம். அதைப் பெரும்பாலும் உடைமைக்குரியவனின் இழப்பைப் பற்றிய அறிவுரையாகவே கொள்கிறோம். கட்டாத ஒட்டகம் பாலைவெளியில் தொலைந்தால் நட்டம் அவனோடு போயிற்று. அதே ஒட்டகம் சந்தை நடுவே அவிழ்ந்து ஓடினால்? மிதிபடுவது அடுத்தவன் கடை, அடுத்தவன் பிள்ளை. கூட்டம் என்று வந்துவிட்டால், ஒருவனுடைய ஆயத்தமின்மை அவனுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்ட தனிக் காரியமாக நிற்பதில்லை.

இக்கருத்து நான் கண்டுபிடித்ததன்று. ஸூரத்துல் பகராவின் 197ஆம் வசனம் ஹஜ் பயணத்துக்குக் கட்டுச்சாதம் எடுத்துக்கொள்ளுமாறு பணிக்கின்றது. இறையச்சத்தையே மிகச் சிறந்த கட்டுச்சாதம் என்றும் உடனே கூறுகின்றது. அவ்வசனம் இறங்கிய காரணத்தை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியது புகாரியில் பதிவாகியுள்ளது. யமன் நாட்டார் சிலர் பயண உணவின்றியே ஹஜ்ஜுக்குப் புறப்படுவார்கள். தாங்கள் இறைவனையே சார்ந்திருப்போர் என்பார்கள். மக்கா வந்து சேர்ந்ததும் மக்களிடம் கையேந்துவார்கள். பல ஆண்டுகளாக நான் இதில் முதற்பகுதியை மட்டுமே கவனித்திருந்தேன். கடைசிப் பகுதியில் அல்லவா விஷயம் இருக்கிறது! அவர்கள் இறைவன்மீது வைத்ததாகச் சொன்ன பாரம், உண்மையில் மக்காவாசியின் அடுப்பில் போய் இறங்கியது.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். பம்பாயிலிருந்து கப்பலேறிய காலத்தில் – அந்தக் கடல்வழி 1995இல் முடிவுற்றது – ஹாஜியார் புறப்படுமுன் கடன்களைத் தீர்ப்பார். மரண சாசனம் எழுதுவார். பேச்சுவார்த்தை அற்றுப்போன வீட்டுக்கும் நடந்துபோய்ப் பொறுத்தருளக் கேட்பார். திரும்பி வருவோம் என்ற உறுதி இல்லாத பயணம் அது. அந்த ஆயத்தங்களை எண்ணிப் பாருங்கள்: ஒவ்வொன்றும் பிறர் ஹக்கைப் பற்றியது. இன்று பெட்டியின் எடையையும் ஸம்ஸம் நீரின் அளவையும் பற்றிக் கவலைப்படும் நாம், நம்மால் யாருக்குச் சுமை நேரும் என்று கேட்பதில்லை.

இனிச் சொல்லப்போவது கடினமான பகுதி. 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜில் மக்காவின் வெப்பம் 51 பாகையைத் தாண்டியது. 1,301 பேர் இறந்தனர் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதியின்றி வந்தவர்கள். அனுமதியில்லாதவனுக்குக் குளிரூட்டிய கூடாரம் இல்லை, பேருந்து இல்லை. வெயிலில் நெடுந்தூரம் நடந்தே மாண்டனர். அனுமதியின்றி ஹஜ் செய்வது பாவம் என்று அவ்வாண்டின் ஹஜ்ஜுக்கு முன்பே அந்நாட்டு மூத்த உலமாக்கள் சபை அறிவித்திருந்தது.

“வீடோ இறைவனுடையது, அரசாங்கத்தின் சீட்டு எதற்கு?” என்று கேட்போர் நம்மிடையிலும் உள்ளனர். அக்கேள்வியில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை. ஆயிரம் முஸ்லிம்களுக்கு ஒருவர் என்ற கணக்கு 1988 முதல் நடைமுறையில் உள்ளது. குலுக்கலில் பெயர் வராமலே மூப்படைந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. பணம் படைத்தவனுக்கு ஜமராத்துக்கு அருகிலேயே கூடாரம் கிடைப்பதும் கண்கூடு. ஆயினும் ஹஜ் கடமையாவது அங்கே சென்று சேரும் வழிக்குச் சக்தி பெற்றவர்மீது மட்டுமே. வழி திறக்காதவர்மீது கடமை இல்லை. கடமையில்லாத ஒன்றுக்காகப் பதினாயிரம் பேருக்கு அளந்து வைத்த நிழலிலும் நீரிலும் பங்கு கேட்பது எப்படி வணக்கமாகும்?

இவ்வளவு எழுதியும், நகையை விற்றுப் பணம் கட்டி, அந்த வெயிலில் விழுந்த ஒரு கிழவியைக் குற்றஞ்சாட்ட என் பேனா மறுக்கின்றது. சுற்றுலா விசாவில் அழைத்துச் சென்று நடுவழியில் விட்டவன் இருக்கிறானே, அவனைப் பற்றியே பேசவேண்டும். அவ்வாண்டு எகிப்து 16 பயண நிறுவனங்களின் உரிமங்களைப் பறித்தது. 2025இல் நம் நாட்டிலோ, மினாக் கூடாரங்களுக்கான ஒப்பந்தமும் பணமும் உரிய நாளுக்குள் முடியாமல், தனியார் ஏற்பாட்டில் செல்லவிருந்த பல்லாயிரம் பேரின் பயணம் நின்றுபோயிற்று. யார் தவறு என்பதில் தரப்புக்கொரு சொல் இருந்தது. இஹ்ராம் துணியை வாங்கி வைத்துக் காத்திருந்தவர்களுக்கு அந்த வழக்கால் என்ன பயன்?

ஏற்பாடு மிகுவதும் ஒரு நோய்தான் என்பதை மறைக்கவில்லை. ஹரமில் தம் குடும்பத்துக்கென்று விரிப்பையும் பையையும் பரப்பி இடம்பிடித்து, பின்னால் வருபவர் ஸஜ்தாவுக்கு இடமின்றித் தவிப்பதைக் காணாதவரையும் கண்டேன். அவரிடம் நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் அடுத்தவருக்கு ஒரு வரியும் இல்லை.

பெருமானார் (ஸல்) அவர்களின் இறுதி ஹஜ்ஜில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்ச்சி சிறியது. அன்னை ஸவ்தா (ரலி) அவர்கள் உடல் கனத்தவர்கள், மெதுவாக நடப்பவர்கள். முஸ்தலிஃபாவில், கூட்டத்தின் நெருக்கம் தொடங்குமுன் புறப்பட்டுவிட அனுமதி கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அளித்தார்கள். குடும்பத்தின் பலவீனர்களை இரவிலேயே முன்னால் அனுப்பினார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் இப்னு அப்பாஸ் (ரலி) ஒருவர். அரஃபாத்திலிருந்து திரும்பும்போது ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசை கேட்டு, நிதானத்தைக் கடைப்பிடிக்கச் சொல்லி, விரைவில் புண்ணியம் இல்லை என்று உணர்த்தினார்கள். இறைவன்மீது அவர்களைவிட அதிகம் தவக்குல் வைத்தவர் யார்? அவர்களே யார் முன்னால் போவது, யார் பின்னால் வருவது என்று வகுத்தார்கள்.

இதையெல்லாம் மாமாவிடம் சொல்லி வாதாட நான் விரும்பவில்லை. கரிசலைப் பற்றிப் பேசினேன். எங்கள் பக்கத்தில் ஐப்பசி மழைக்கு முன்பே, புரட்டாசியில், காய்ந்த புழுதியிலேயே விதைப்பார்கள். மழை விழுந்தபின் கரிசல் காலைப் பிடித்துக்கொள்ளும். ஏரும் இறங்காது, ஆளும் இறங்க முடியாது. ஆகவே ஒரு துளியும் விழாதபோதே விதை மண்ணுக்குள் போயாக வேண்டும். கோடையிலேயே உழுதிருக்கவும் வேண்டும். “மழையைத் தருபவன் அவன்தானே மாமா, கோடை உழவு எதற்கு?” என்றேன்.

மாமா சற்று நேரம் பேசவில்லை. பிறகு நான் எதிர்பாராத இடத்துக்குப் போனார். “உழாதவன் வெள்ளாமை போனால் அவனோடு போகட்டும். அவன் புஞ்சையிலே முளைக்கிற சீமைக் கருவேலம் வரப்பைத் தாண்டி என் புஞ்சைக்கும் வருதே, அதுதான் பொல்லாப்பு” என்றார். நோட்டை மறுபடி கையில் எடுத்தார்.

அன்று மாலை, இடுப்புப் பட்டைக்குள் வைக்கும் சீட்டு ஒன்றை எழுதச் சொன்னார். பெயர், ஊர், உண்ணும் மாத்திரைகள், தங்கும் கட்டட எண்ணுக்கும் தூண் எண்ணுக்கும் இடம் – எல்லாம் தமிழிலும் அரபியிலும். எழுதி முடித்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, அடியில் இரண்டு வரி வெறுமையாக விடச் சொன்னார். எதற்கென்று கேட்டேன்.

“கூடாரத்தில் என் பக்கத்தில் படுக்கப் போகிறவர் யாரென்று இன்னும் தெரியாதே” என்றார்.