'எழுதியாச்சு' என்றால் என்ன?

கணினியில் ஒரு கோப்பைச் சேமிக்கிறோம். மறுகணமே 'எழுதியாச்சு' என்கிறது இயங்குதளம். எங்கே எழுதினாய் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியே நமக்கு எழாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலைகளில் ஒன்று.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ், சாதனங்களையும் கோப்புகளாகவே காட்டியது. வட்டு, முனையம், அச்சுப்பொறி எல்லாம் 'டெவ்' என்ற அடைவுக்குள் ஆளுக்கொரு பெயரோடு உட்கார்ந்திருக்கும். பெயருக்குப் பின்னால் இரண்டு எண்கள்: எந்த டிரைவர், அதன் பொறுப்பில் உள்ள எந்தச் சாதனம். நிரல் எழுதுபவருக்கு அதுகூடத் தெரிய வேண்டாம். திற, படி, எழுது, மூடு. நாலே வினைச்சொற்கள் போதும்.

போதவில்லை என்பதும் உண்மை. முனையத்தின் வேகத்தை மாற்று என்பதை இந்த நான்கில் எதை வைத்துச் சொல்வது? 1979இல் வந்த யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் அதற்கென்றே 'ஐஆக்டில்' என்றொரு பொது அழைப்பு சேர்ந்தது. லினக்ஸில் வலை அட்டைக்கு 'டெவ்' அடைவில் இன்றும் இடமில்லை. ஆக, 'எல்லாமே கோப்பு' என்பது முழு உண்மை அல்ல. அப்படியானால் அது பொய்யா?

நான் அப்படி நினைக்கவில்லை. ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு குழியையும் வரைவதில்லை. அதனால் வரைபடம் பொய்யாகிவிடாது. விவரத்தை விட்டுவிடுவது வேறு, கேட்கும்போது தவறான பதில் சொல்வது வேறு. இந்தக் கோடு எங்கே தாண்டப்படுகிறது என்பதுதான் கேள்வி.

லினக்ஸில் 'எழுது' என்றால் தரவு முதலில் நினைவகத்துக்குத்தான் போகும். வட்டுக்குப் போக இயல்பான அமைப்பில் அரை நிமிடம்கூட ஆகலாம். இதில் ஏமாற்று இல்லை, அறிவித்துவிட்டுச் செய்வதுதான். தபால் பெட்டியில் போட்டாச்சு என்பதற்கும், பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட்டாச்சு என்பதற்கும் உள்ள வித்தியாசம். ஒப்புகை வேண்டுமென்றால் 'எஃப்சிங்க்' என்று தனியே கேட்க வேண்டும்.

2018இல் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்கள் கண்டுகொண்டது இந்த ஒப்புகையில் இருந்த ஓட்டையை. வட்டில் எழுதுவது தோற்றால் எஃப்சிங்க் ஒருமுறை 'பிழை' என்று சொல்லும். சரி, மறுபடி முயல்வோம் என்று இன்னொரு முறை கேட்டால் 'எல்லாம் சரி' என்றது லினக்ஸ். முதல் தோல்வியிலேயே அந்தப் பக்கங்களை 'எழுதப்பட்டவை' என்று குறித்து வைத்துவிட்டது. அதை நம்பித் தரவுத்தளம் தன் பாதுகாப்புப் பதிவையும் கைவிடும். தரவு எங்கேயும் இருக்காது. பிழைச் செய்தியும் மிஞ்சாது.

கெர்னல்காரர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பயனர் யூஎஸ்பி குச்சியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். இனி எழுத முடியாத அந்தப் பக்கங்களை எத்தனை நாள் சுமப்பது? நினைவகம் நிரம்பி மற்றவர்களின் வேலையும் நின்றுபோகும். நடைமுறையில் இது சரியான கவலை.

ஆனால் அந்தக் கவலை பக்கங்களைத் தூக்கி எறிவதற்குத்தான் அனுமதி தருகிறது. எறிந்த பிறகும் 'சரி' என்று சொல்வதற்கு அல்ல. 'என்னிடம் இப்போது அது இல்லை' என்பது நேர்மையான பதில். 'நிலுவையில் ஏதுமில்லை, அதனால் வெற்றி' என்பது கணக்கில் பிழையில்லாத பொய். அலுவலக நிலவர அறிக்கைகளில் இந்த வகைப் பொய்யை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தோற்ற வேலையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் பட்டியல் முழுக்கப் பச்சைதான்.

போஸ்ட்கிரஸ் 2019இல் தன் வழியை மாற்றிக்கொண்டது. எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் மறுபடி கேட்பதில்லை. தன்னையே நிறுத்திக்கொண்டு, கைவசமுள்ள பதிவிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் கட்டும். இடையில் நிற்பவரின் சொல் ஒருமுறை பொய்த்தால், அதன் மேல் நிற்பவருக்கு இவ்வளவு செலவு.

லினக்ஸுக்குக் கீழே வட்டு இருக்கிறது, அதற்கும் சொந்தமாக ஒரு தற்காலிக நினைவகம் உண்டு, அதுவும் 'எழுதியாச்சு' என்று சொல்லும். கடைசித் தளம் வரை இறங்கிச் சரிபார்க்க யாராலும் ஆகாது. நம்பித்தான் ஆக வேண்டும். அதனால் எல்லாவற்றையும் காட்டு என்று எந்தத் தளத்திடமும் நாம் கேட்க முடியாது. தனக்குத் தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதே என்று மட்டும் கேட்கலாம். அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.