மொட்டைக் கிளையின் கேள்வி

நம் வீட்டு மாடியில், அகன்ற மண் தட்டு ஒன்றில், ஒன்றரை அடி உயரமுள்ள குறுமரம் ஒன்று நிற்கிறது. போன்சாய் என்று ஜப்பானியப் பெயரால் அதனை அழைக்கிறோம். ஆலும் அரசும் அத்தியும் சேர்ந்த அதே குடும்பத்துச் சிற்றிலை மரம். கிள்ளினால் பால் வடியும். உச்சி பச்சைக் குடைபோல் தழைத்திருக்கிறது. கீழே இரு கிளைகளின் நிலை வேறு. ஒன்றின் நுனியில் நாலைந்து இலைகள். மற்றொன்றில் அதுவும் இல்லை.

குற்றம் நம்முடையதே. விருந்தினர் கண்ணில் படட்டும் என்று ஈராண்டுகள் அதனை வரவேற்பறையின் இருண்ட மூலையில் வைத்திருந்தோம். வெளியே நீண்ட ஒவ்வொரு தளிரையும் வடிவம் கெடுகிறதென்று கத்தரித்தோம். கிடைத்த சிறிதளவு ஒளியையும் உச்சி எடுத்துக்கொண்டது. கீழ்க்கிளைகள் ஒவ்வோர் இலையாக உதிர்த்தன.

குறுமரங்களை நெடுநாள் வளர்த்துவரும் நண்பர் ஒருவரிடம் முறையிட்டோம். கையோடு உரப் பொட்டலத்தையும் கொண்டு சென்றிருந்தோம். அதைக் கண்டதும் அவர் சிரித்துவிட்டார். "காய்ச்சலில் கிடப்பவனுக்குப் பிரியாணி போடுவீர்களா?" என்றார். பின்னர் வீட்டுக்கு வந்து, மொட்டைக் கிளையின் பட்டையை நகத்தால் மெல்லக் கீறினார். உள்ளே பச்சை தெரிந்தது. "சாகவில்லை, உறங்குகிறது" என்றார்.

அவர் சொன்ன முறை இதுதான். மரத்தைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். சில மாதங்கள் கத்தரியைத் தொடவே கூடாது. மரம் மனம்போல் வளர்ந்து வலிமை பெறட்டும். பிறகு உரம். அதன் பின்னரே, வெப்பம் மிகுந்த வளர்ச்சிக் காலத்தில், உச்சியின் நுனிகளை வெட்டி, அடர்ந்த இலைகளைக் குறைத்து, உள்ளே ஒளி புகச் செய்ய வேண்டும். பழைய இலைகள் விழுந்த தழும்புகளில் உறங்கும் மொட்டுகள் அப்போது விழிக்கக்கூடும். ஒன்றும் நடவாவிடில், கிளையில் துளையிட்டு, அதே மரத்தின் நீண்ட தளிர் ஒன்றை அதனூடே செலுத்தி ஒட்டவைக்கலாம். கண்ணுக்கு இடைவெளி நிரம்பிவிடும். அந்தக் கிளை துளிர்த்தது என்று சொல்ல முடியுமா என்பது வேறு.

செழித்ததை வெட்டினால்தான் மொட்டையானது துளிர்க்கும் என்ற செய்தி நம்மைத் தயங்கவைத்தது. இது நீதியா? நுனி என்ன பிழை செய்தது?

அறிவியல் இதற்கு விளக்கம் தருகிறது. 1930களில் கென்னத் திமன், ஃபோல்கே ஸ்கூக் என்னும் இரு ஆய்வாளர்கள் அவரை இனச் செடி ஒன்றின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டுவாயில் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளை வைத்தனர். நுனி இல்லாதபோதும் பக்க மொட்டுகள் அடங்கியே கிடந்தன. நுனியிலிருந்து இறங்கும் ஆக்சினே அவற்றை அடக்குகிறது என்று தெரிந்தது. 2014இல் பட்டாணிச் செடியில் நடந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நுனி போனதும் பக்க மொட்டுகளை முதலில் எழுப்புவது, அதுவரை நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரையாம். நுனி கொடுங்கோலன் அன்று. வளர்வது அதன் இயல்பு, வளர்வதற்காக உண்கிறது. அந்த உணவின் பங்குதான் மற்றவற்றுக்குக் குறைகிறது.

இதைப் படித்தபோது நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலம் நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்பில் முன்வரிசை மாணவி ஒருத்தி. எந்தக் கேள்விக்கும் அவள் கைதான் முதலில் உயரும். கடைசி வரிசைப் பிள்ளைகளோ வாய் திறப்பதில்லை. ஒரு பருவம் முழுதும் அவளிடம் கேள்வி கேட்பதில்லை என்று முடிவு செய்தோம். அவள் கையை உயர்த்துவாள். நம் பார்வை அதைத் தாண்டிப் பின்னால் செல்லும். மாதம் ஒன்று கழிந்ததும் கடைசி வரிசைச் சிறுவன் ஒருவன் பேசினான். முதல் விடை தவறு, இரண்டாவது சரி. நமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் அவள் கை உயர்வது நின்றுவிட்டது. அடுத்த ஆண்டிலும் உயரவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு திருமண வீட்டில், இடுப்பில் குழந்தையோடு எதிரே வந்தாள். "அந்த வருஷம் நான் என்ன சார் தப்புப் பண்ணினேன்?" என்று சிரித்தபடிதான் கேட்டாள். நம்மிடம் விடை இல்லை.

வெட்டப்பட்ட தளிருக்கு நினைவு இல்லை, பிள்ளைக்கு உண்டு. மரத்தை உவமையாக்கி மனிதரை நடத்துவோர் முதலில் மறப்பது இதைத்தான். மேலும், நண்பர் சொன்ன முறையிலும் வெட்டு கடைசியில்தான் வருகிறது. முதலில் ஒளி, பிறகு ஓய்வு, பிறகு உணவு. நாமோ வெட்டிலிருந்தே தொடங்கினோம். அந்தச் சிறுவனின் பெஞ்சை முன்னால் இழுத்துப்போட்டிருக்கலாம். வகுப்பு முடிந்து ஐந்து நிமிடம் அவனோடு நின்றிருக்கலாம். இவற்றுள் ஒன்றைக்கூடச் செய்யாமல், நமக்கு எளிதாயிருந்ததைச் செய்தோம். அதற்கு நீதி என்று பெயரும் வைத்தோம்.

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்து அத்தி மரம் திராட்சைத் தோட்டத்துக்குள் நிற்கிறது. நிலத்தை வீணாக அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதே உரிமையாளரின் முறையீடு. அங்கும் கணக்கு பங்கைப் பற்றியதுதான். தோட்டத் தொழிலாளர் அந்தக் கணக்கை மறுக்கவில்லை. சுற்றியுள்ள திராட்சைக் கொடிகளை வெட்டுவதாகவும் சொல்லவில்லை. மரத்தைச் சுற்றிக் கொத்தி எருப்போட இன்னும் ஓராண்டு கேட்கிறார். தம் உழைப்பைப் பிணையாக வைக்கிறார். அந்த ஓராண்டு கழிந்தபின் மரம் காய்த்ததா என்று உவமை சொல்வதில்லை.

உயிர்ப்புப் பெருவிழா முடிந்த வாரத்தில் நம் மரத்தை மாடிக்கு ஏற்றினோம். இப்போது ஆகஸ்டு. நாலைந்து இலைகள் இருந்த கிளையில், வெட்டாமலே, கணுக்களில் மூன்று மொட்டுகள் ஊசிமுனைபோல் வந்திருக்கின்றன. மற்றொரு கிளை அப்படியே இருக்கிறது. உச்சித் தளிர்கள் ஒரு சாணுக்கு மேல் நீண்டுவிட்டன. இனியும் தாமதித்தால் அந்தக் கிளை போய்விடும், வெட்டுங்கள் என்கிறார் நண்பர். நேற்று மாலை அதை மறுபடி கீறிப் பார்க்க நகத்தைக் கொண்டுபோனோம். முன்பு கீறிய இடத்தில் காய்ந்த பால் வெண்புள்ளியாய் ஒட்டியிருந்தது. கையை எடுத்துக்கொண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினோம். கத்தரி இந்தச் சனிக்கிழமை வரை அலமாரியில் இருக்கட்டும்.