கேட்டுப் பார்த்தீர்களா?



யாரும் பொய் சொல்லாத இடத்திலும் பிரிவினை வருகிறதே, ஏன்? யோசுவா 22-ம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள்.

ரூபன், காத், மனாசேயின் பாதிக் கோத்திரத்தார் யோர்தான் ஓரத்தில் ஒரு பெரிய பீடத்தைக் கட்டினார்கள். மற்றவர்களோ, 'இவங்க கர்த்தரை விட்டுட்டாங்க' என்று நினைத்து யுத்தத்துக்குச் சீலோவில் கூடினார்கள். ஆனாலும் பட்டயம் எடுக்குமுன் பினெகாசையும் பத்துப் பிரபுக்களையும் அனுப்பினார்கள். வந்தவர்கள் கடிந்துதான் பேசினார்கள். ஆனால் 'எங்கள் தேசத்திலே பங்கு தருகிறோம், வாருங்கள்' என்றும் அழைத்தார்கள். பதிலை முழுசாய்க் கேட்டார்கள். அந்தப் பீடம் பலியிட அல்ல, பின்சந்ததிக்குச் சாட்சியாக என்று தெரிந்தது. யுத்தம் நின்றது.

இருதயத்தைப் பார்க்கிறவர் கர்த்தர் ஒருவரே. நமக்கோ, அவர் சொன்னால்தான், நாம் கேட்டால்தான் தெரியும். ஆகவே கேட்பது வெறும் மரியாதை அல்ல, கடமை என்பேன்.

'அந்தச் சகோதரி ஏன் ஸ்தோத்திரம் சொல்லலை? அந்தக் குடும்பம் ஏன் உபவாச ஜெபத்துக்கு வரலை?' மூன்றாம் வீட்டில் பேசுகிறோமே, அவங்க வீட்டுக்குப் போய்க் கேட்டோமா? இந்த வாரமே போங்கள். பங்கு கொடுக்கிற மனதோடு போங்கள்.

கர்த்தர்தாமே நம் சபையில் சமாதானம் கட்டளையிடுவாராக. ஆமென்.