கொடி கஷ்டப்பட வேண்டுமா?

"கொடி கஷ்டப்படணும். அப்பத்தான் ஒயின் நல்லா வரும்."

இதை என்னிடம் முதலில் சொன்னவர் திராட்சை விவசாயி அல்ல. சென்னையில் நான் வேலை பார்த்த இடத்தில் இருந்த மேனேஜர். ஒரு ரிலீஸுக்கு முந்தைய வாரம், இரவு பதினொரு மணி, மேஜை மேல் காலி பீட்சா டப்பாக்கள். அப்போதுதான் எங்கேயோ ஒயின் டூர் போய்விட்டு வந்திருந்தார். எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம், வீட்டில் ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் திராட்சையைப் பற்றி ஒருவர் இப்படித் தத்துவம் பேசிக் கேட்டது புதுசு. பிடித்துப்போனது. சில வருடம் கழித்து அதை நானே ஒருவனுக்குச் சொன்னேன். இன்றுவரை அது உறுத்துகிறது.

அவன் கல்லூரி முடித்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆள் பற்றாக்குறையில் ஐந்து வாரம் தொடர்ந்து ஆன்-கால் அவன் தலையில் விழுந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு அலர்ட், நான்கு மணிக்கு இன்னொன்று. "அண்ணா, தூக்கமே இல்லண்ணா" என்றான். முறையை மாற்றிப் போட என்னால் முடிந்திருக்கும். மாற்றவில்லை. "இதுலதான்டா கத்துக்க முடியும்" என்று சொல்லி, கொடி கதையையும் சொன்னேன். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனான். மெயிலில் 'சொந்தக் காரணங்கள்' என்று மட்டும் இருந்தது.

இப்போது நான் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறேன். எங்கள் டீமில் ஒருவருடைய மாமனாருக்கு, பெசிக்ஹைம் பக்கம் நெக்கர் ஆற்றின் மேல் செங்குத்துச் சரிவில் ஒரு சின்னத் தோட்டம். சாந்து இல்லாமல் கல்லை அடுக்கியே கட்டிய சுவர்கள், அவற்றுக்கு நடுவே படிப்படியாக நிலம். டிராக்டர் ஏறாது. குடும்பமும் தெரிந்தவர்களும்தான் அறுவடைக்கு ஆள். மூன்று வருடமாக நானும் போகிறேன்.

அங்கே விளைவது டிரோலிங்கர். எங்கள் ஊர்ப் பன்னீர் திராட்சை, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியதே அதுதான், மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். அதன் பெற்றோரில் ஒன்று இந்த டிரோலிங்கர், இன்னொன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா என்று மரபணுச் சோதனை சொல்கிறது. தெரிந்த அன்று அப்பாவுக்கு போன் போட்டு, "நம்ம பந்தலோட பூர்வீக வீட்டுல நிக்கிறேன்ப்பா" என்றேன். "அங்க விலை என்ன போகுது?" என்று கேட்டார்.

பெரியவரிடம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். முழுப் பொய் இல்லை. தண்ணீர் கொஞ்சம் குறைந்தால் பழம் சிறுக்கும். சாறுக்குத் தோல் அதிகமாகும். நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கிறது. ஆனால் ரொம்பக் காய்ந்தால் இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். சர்க்கரை ஏறுவது நின்றுபோகும். அதற்கப்புறம் கொடி எவ்வளவு வாடினாலும் ஒயினுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. 2022 கோடையில் மழை இல்லாதபோது அவர் முதுகில் தண்ணீர் சுமந்து அந்தப் படிகளில் ஏறியிருக்கிறார். பழைய கொடிகளுக்கு இல்லை. அவற்றின் வேர் பாறை இடுக்கு வழியே எப்போதோ கீழே போய்விட்டது. முந்தின வருடம் நட்ட கன்றுகளுக்கு. எட்டு மாதப் பையன் நினைவுக்கு வந்தான்.

அப்பாவிடமும் கேட்டேன். கவாத்துக்கு முன்னாடியும் அறுவடைக்கு முன்னாடியும் தண்ணீரை நிறுத்துவது எங்கள் பக்கத்து வழக்கம். "ஒரு வாரம்தான்டா. அதுக்கு மேல விட்டா கொடியே போயிரும்." எவ்வளவு, எப்போது என்று இரண்டு பேருக்கும் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு இல்லாமல் வெறும் வாக்கியம் மட்டும் எங்கள் ஆபீஸ் வரை வந்து சேர்ந்திருக்கிறது.

என் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு, மறைக்கவில்லை. இன்று எனக்குத் தெரிந்த பாதி வேலை அப்படிப்பட்ட ராத்திரிகளில் கற்றதுதான். ஆனால் இதைச் சொல்வதற்கு நான் மிஞ்சியிருக்கிறேன். கோடையில் இங்கே காய்க்கொத்துகளில் ஒரு பகுதியை வெட்டிக் கீழே போடுவார்கள், மிச்சக் கொத்துகள் நன்றாகப் பழுக்க. பழுத்த கொத்தைக் கேட்டால் நல்ல ஏற்பாடு என்றுதான் சொல்லும்.

இதைவிட எனக்குப் பிடிபட ரொம்ப நாளான விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கஷ்டப்படுவது கொடி. நல்லா வருவது ஒயின். கொடி நல்லா ஆகும் என்று யாரும் சொல்லவே இல்லை. நான் அவனிடம் சொன்னபோது 'நீ நல்லா வருவ' என்று சொல்வதாகத்தான் நினைத்தேன். உண்மையில் நன்றாக வந்தது ரிலீஸ். நான் பாராட்டு மெயிலும் வாங்கினேன்.

இந்த அக்டோபரில் சாற்றின் எடையைப் பார்த்தபோது ஓக்ஸ்லே அளவில் 74 காட்டியது. அதாவது ஒரு லிட்டர் சாறு 1074 கிராம். பெரியவருக்குத் திருப்தி. காம்பு நீக்கி, நசுக்கி, நிலவறைத் தொட்டியில் விட்டோம். இரண்டு நாளில் நொதித்துத் தோலெல்லாம் மேலே வந்து தடித்த மூடி மாதிரி நிற்கும். காலையும் மாலையும் கட்டையால் அதை உள்ளே அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே காய்ந்து புளித்துவிடும்.

முதல் தடவை என்னைத் தனியாக அனுப்பும்போது பெரியவர் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி முழங்கால் உயரத்தில் வைத்தார். நொதிக்கும்போது வரும் கரியமில வாயு காற்றைவிடக் கனம், தரையில் தேங்கும், மூச்சை நிறுத்திவிடும். இப்போது அதற்கு மீட்டர் இருக்கிறது, அவரே வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார். இருந்தாலும் மெழுகுவர்த்தி.

"அது அணைஞ்சா உடனே மேல ஏறிடு. கட்டையை அப்படியே போட்டுடு."

"ஒயின்?"

"கெட்டா கெட்டுப் போகட்டும்."

வேலை முடிந்து நிலவறைப் படியில் உட்கார்ந்து போனை எடுத்தேன். அவன் நம்பர் இன்னும் இருந்தது. முதலில் நீளமாக எழுதினேன், அந்த நாட்களில் எனக்கு மேலே இருந்த நெருக்கடி பற்றியெல்லாம். அழித்தேன். "அன்னைக்கு உன் ஷிப்ட்டை நான் மாத்திப் போட்டிருக்கணும். என்னால முடிஞ்சிருக்கும். சாரி தம்பி" என்று மட்டும் அனுப்பினேன்.

மறுநாள் காலை தோலை அமுக்கப் போகும்போது பார்த்தேன். இரண்டு நீல டிக் விழுந்திருந்தது.