கைராசியும் கேள்வியும்

கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துக்க வீட்டுக்குச் சென்ற மழைக்காலத்தில் போயிருந்தோம். இறந்தவர் நாற்பது வயதைத் தாண்டாத ஒரு தாய். வயிற்றுவலி என்று மலையிறங்கிப் போனார். அறுவைச் சிகிச்சை நடந்தது. ஐந்தாம் நாள் பிணமாக மலையேறினார். என்ன நோய், எதை அறுத்தார்கள், எதனால் உயிர் போயிற்று என்று அவருடைய கணவரைக் கேட்டோம். "தெரியாதுங்க ஐயா, கைநாட்டு வைக்கச் சொன்னாங்க, வைச்சேன்" என்றார். அதற்குமேல் அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

லயத்து அஞ்சடியில் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் மட்டும் விடை இருந்தது. விதி முடிந்துவிட்டது என்றார் ஒருவர். அந்த டாக்டருக்குக் கைராசி போதாது என்றார் இன்னொருவர். மூன்றாமவர் படித்தவர், முன்னாளில் கிராணியாக இருந்தவர். அவர், "ஒரு வெள்ளிக்கு வைத்தியம் பார்க்கிற இடத்தில் போய் நியாயம் கேட்க முடியுமா?" என்றார்.

அந்த மரணத்தில் எவருடைய குற்றமும் இல்லாமலே இருக்கலாம். மிகச் சிறந்த வைத்தியர் மிகுந்த கவனத்துடன் செய்யும் சிகிச்சையிலும் மனிதர் இறப்பதுண்டு. நம்மை வருத்தியது, ஏன் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாமற் போனதேயாகும். மாடு செத்தால் ஏன் செத்தது என்று கேட்போம். கடைக்காரர் ஒரு வெள்ளி குறைத்துக் கொடுத்தால் திரும்பி நடந்து போய்க் கேட்போம். மனைவி இறந்த காரணத்தைக் கேட்பது மாத்திரம் மரியாதைக் குறைவாகிவிட்டது. இது எப்படி நேர்ந்தது?

விதியைப் பற்றி இங்கே நீட்டிப் பேச விரும்பவில்லை. எல்லாம் விதியென்று மெய்யாகவே நம்புகிறவர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கவே மாட்டார். போகும்போது முயற்சியையும் திரும்பும்போது விதியையும் நம்புவது ஓர் ஆறுதல். அதைத் துக்கத்திலிருப்பவரிடமிருந்து பிடுங்க நாம் யார்? ஆனால் ஆறுதல் வேறு, காரணம் வேறு.

கைராசி என்பதோ அவ்வளவு எளிதாக விட்டுவிடக்கூடியதன்று. ஈப்போவில் இன்னாருக்குக் கைராசி உண்டென்று ஒரு சொல் கிளம்பினால் போதும், கேமரன் மலையிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு போவோம். இது வைத்தியருக்குச் செய்யும் கௌரவம் என்று நினைக்கிறோம். அவர் பல்லாண்டு கற்ற கல்வியையும், இரவெல்லாம் கண்விழித்துக் காத்த உயிர்களையும் 'ராசி' என்னும் ஒரு சொல்லால் அவரிடமிருந்து பறித்துவிடுகிறோம் என்பதை நினைப்பதில்லை. அதே சொல்லால், நோயாளியின் சீட்டைப் பாராமல் ஊசி குத்தியவரையும் பாவம், ராசியில்லாதவர் என்று மன்னித்துவிடுகிறோம். திறமைக்கும் அசட்டைக்கும் நடுவே இருக்கவேண்டிய வேலியை ராசி அழித்துவிடுகிறது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று நம்மவர் சொல்லும் பழமொழி, ஆயிரம் வேரைக் கண்டவன் என்பதன் திரிபு என்பர் பண்டிதர். இருக்கட்டும். பாமரர் அதைத் திரித்த திரிபிலே ஓர் அனுபவம் இருக்கிறது. கொன்றவனைக் கண்டும் சிரித்துவிட்டுப் போகப் பழகிய அனுபவம்.

சீட்டைப் பாராத ஊசி என்றது வெறும் உவமையன்று. 1960ஆம் ஆண்டு ஏப்ரலில், கோலாலம்பூரில் அரசாங்க மருந்தகம் ஒன்றில் ஆயாவாக வேலை பார்த்த சீனப் பெண் ஒருவர் காலில் புண்ணென்று அங்கேயே டாக்டரிடம் காட்டினார். பென்சிலின் ஊசி போடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குள் இறந்தார். பென்சிலின் அவர் உடம்புக்கு ஒவ்வாது என்று அவருடைய பழைய நோயாளிச் சீட்டில் முன்னமே எழுதப்பட்டிருந்தது. ஊசி போடச் சொன்ன டாக்டர் அதைப் பார்க்கவுமில்லை, முன்பு இந்த ஊசி போட்டதுண்டா என்று ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. அப்படியோர் ஆபத்து உண்டென்பதை அவர் அறிவார். அதுவரை ஒன்றும் நேராததால் கேளாமலே நடத்தி வந்தார்.

இறந்தவருடைய தாய், சின் கியோ என்பவர், அரசாங்கத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். உயர்நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டில் தோற்றார், லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1967இல் மீண்டும் வென்றார். ஒரு ஆயாவின் தாய்! அவர் பணம் கட்டிய நோயாளியின் தாயுமல்லர். இலவசமாகப் பார்த்த வைத்தியம்தானே என்று எந்த நீதிபதியும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. வழக்கின் உயிர் ஒரு கேள்வியில் இருந்தது: நோயாளியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டாரா? அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிஷம்.

முன்னாள் கிராணியாருக்கு நமது மறுமொழி இதுவே. ஒரு வெள்ளி என்பது சீட்டுக்குக் கொடுப்பது. மீதியைக் கொடுத்தவர் யார்? ஏறத்தாழ நூறு வருஷமாக இந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்து, இந்நாட்டின் தேயிலையைப் பெட்டியில் ஏற்றியவர்கள் யார்? 1929இல் போ தோட்டமும் 1933இல் பாரத் தோட்டமும் தோன்றியபோது காட்டை வெட்டிப் படிகட்டி நட்ட கைகள் எவை? அரசாங்க ஆஸ்பத்திரி தருமச் சத்திரமன்று. சத்திரமென்றே வைத்துக்கொண்டாலும், சத்திரத்துச் சோற்றில் நஞ்சு கலந்தால் கேட்கக்கூடாதென்று எந்தத் தரும சாஸ்திரம் சொல்லுகிறது? நன்றியுணர்வு நல்ல குணம். ஆனால் நம் நன்றி கடைசியில் வாய்ப்பூட்டாக மாறிவிடுவதை எத்தனையோ தோட்டங்களில் பார்த்திருக்கிறோம். துரை கொடுத்த லயம், துரை கொடுத்த ஆஸ்பத்திரி, துரை கொடுத்த டிரெசர் என்று பேசிப் பேசி, சட்டப்படி நமக்குச் சேரவேண்டியவற்றையும் கொடையாக்கிக் கொண்டோம்.

இந்தியாவிலும் இக்கேள்வி எழுந்தது. 1995ஆம் ஆண்டு நவம்பரில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், வைத்தியமும் 1986ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டத்துக்குள் அடங்குமென்று சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரி அச்சட்டத்தில் அடங்காது. சிலரிடம் பணம் வாங்கி ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரியில் அந்த ஏழையும் வழக்கிடலாம். பணக்காரன் கட்டிய கட்டணத்தின் நிழலில் ஏழைக்கு உரிமை! இலவசமாகவே வைத்தியம் பெறுகிறவனுக்குப் பொது நீதிமன்றத்தின் வாயில் அடைபடவில்லை என்பது மெய்தான்; ஆயினும் சுருங்கிய செலவில் போகக்கூடிய வாயில் அவனுக்குத் திறக்கவில்லை. மலேசியாவின் 1999ஆம் வருஷத்து நுகர்வோர் சட்டமோ, இயற்றப்பட்டபோதே மருத்துவச் சேவையை முழுவதும் விலக்கி வைத்தது. ரொட்டிச் சட்டியில் பழுது கண்டால் போக ஓரிடம் உண்டு, இரண்டும் ஒன்றல்லதான், ஆனாலும் நெஞ்சு உறுத்துகிறது.

இனிக் கைநாட்டுக்கு வருவோம். கைநாட்டு வைத்தவருக்கு என்ன சொல்லப்பட்டது என்பதை அளப்பது யார்? நெடுங்காலம் வைத்தியர்களே அளந்தார்கள். 1957இல் இங்கிலாந்தில், மின்சாரச் சிகிச்சையில் எலும்பு முறிந்த போலம் என்பவரின் வழக்கில் எழுந்த விதி அது. தேர்ந்த வைத்தியர் குழாம் ஒன்று ஏற்கும் முறைப்படி நடந்த வைத்தியர் குற்றவாளியல்லர் என்பது அதன் பொருள். சிகிச்சையின் நுட்பத்துக்கு இது ஓரளவு பொருந்தும். கத்தியை எப்படிப் பிடிப்பதென்பது நமக்குத் தெரியாது. ஆனால் நோயாளியிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்பதையும் அக்குழாமே தீர்மானிக்குமாயின், குலத்தார் ஒப்பினால் குற்றமில்லை என்னும் பழைய சாதிப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

ஆஸ்திரேலியாவில் ஒரு மாதர் இருந்தார். ஒரு கண் சிறுவயதிலிருந்தே ஏறக்குறையப் பார்வையற்றது. அதைச் சீர்ப்படுத்தலாமென்று அறுவை செய்தார்கள். நல்ல கண்ணுக்கு ஏதும் நேருமோ என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தார். ஏறத்தாழ 14,000 பேரில் ஒருவருக்கு அவ்வாறு நேரக்கூடும் என்பதை டாக்டர் சொல்லவில்லை. அந்த ஒருவர் அவரேயானார். நல்ல கண்ணும் போயிற்று. சொல்லாதது குற்றமென்று 1992இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் தீர்த்தது. 14,000இல் ஒன்று என்பது வைத்தியருக்குக் கணக்கு. ஒற்றைக் கண்ணுடையவருக்கு அதுவே உலகம்.

இந்நாட்டில் அந்நியாயம் வந்து சேர்ந்தது பூ பியோ நா வழக்கில். 1982இல் கார் விபத்தில் கழுத்தெலும்பு பிசகிய ஒரு பெண், அறுவைச் சிகிச்சைக்குப்பின் கைகால் விளங்காமற் போனார். அந்தச் சிகிச்சையில் அப்படியோர் ஆபத்துண்டென்று முன்னே அவருக்குச் சொல்லவில்லை என்பது வழக்கு. உயர்நீதிமன்றத்தில் வென்றார், மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். 2006 டிசம்பர் 29இல் கூட்டரசு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆபத்தைச் சொல்லும் கடமையை வைத்தியர் குழாத்தின் வழக்கத்தைக் கொண்டு அளப்பதற்கில்லை; அதை நீதிமன்றமே அளக்கும் என்றாயிற்று. நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சையிலும் போலம் விதி நிற்கும், ஆனால் அவ்வழக்கம் அறிவுக்குப் பொருந்துவதாக இருக்கவேண்டும் என்று 2017இல் அதே நீதிமன்றம் எல்லை கட்டிற்று. 1982 எங்கே, 2006 எங்கே! இருபத்துநான்கு வருஷம் சக்கர நாற்காலியில் காத்திருந்து பெற்ற நியாயத்தின் பலன், இன்று கைநாட்டு வைக்கும் ஒவ்வொரு தோட்டத் தொழிலாளியின் கையிலும் இருக்கிறது. அவருக்கு அது தெரியாது.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவத்துக்கு உறுப்புக்கள் நான்கு என்று எண்ணுகிறார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன். நோயுற்றவனை முதலில் வைத்தார். நமது ஆஸ்பத்திரிகளில் அவன் எங்கே இருக்கிறான் என்பதை, மொழி தெரியாமல் பெஞ்சில் உட்கார்ந்து தன் பெயர் எப்போது எப்படிக் கூப்பிடப்படுமோ என்று விழித்திருந்தவர்கள் அறிவார்கள். இன்று மலையில் கூடை சுமப்பவர்களில் பலர் வங்காள தேசத்தவரும் நேபாளத்தவரும் இந்தோனேசியருமாவர். நமக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர்கிறது. கட்டணம் மாத்திரம் அவர்களுக்கு அதிகம்.

வைத்தியர் பக்கத்து நியாயத்தையும் கேட்பது நமது கடமை. நோயாளிகள் கூட்டம் கூட்டமாக நிற்க, உறக்கமின்றி உழைக்கும் இளம் டாக்டரிடம், சீட்டைப் பார்த்தாயா என்று கேட்பது எளிது. 2016 முதல் ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்டு நிலையான வேலையின்றி நின்ற இளம் டாக்டர்கள், 2021 ஜூலை 26இல் வேலையை நிறுத்தி ஆஸ்பத்திரி வாசல்களில் வந்து நின்றார்கள். ஒப்பந்தக் கூலி என்பது இன்னதென்று தோட்டத் தமிழருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. வழக்குக்கு அஞ்சும் டாக்டர் வேண்டாத சோதனைகளை எழுதுவார், கடினமான நோயாளியைக் கைகழுவி வேறிடம் அனுப்புவார் என்பதும் மெய்யே. ஆகையால் தவறு நேர்ந்த இடமெல்லாம் குற்றமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கேள்வியே எழாத இடத்தில், அந்த டாக்டரைக் களைப்போடு வேலை வாங்கியவர்கள் யார் என்பதும் வெளிவராது. சின் கியோ எதிர்த்து நின்றதும் ஒரு டாக்டரை மாத்திரமன்று, அரசாங்கத்தை.

இன்னுமோர் ஆட்சேபம் உண்டு. அது எல்லாவற்றினும் ஆழமானது. செத்தவளைக் காட்டிக் காசு வாங்குவதா, பிணத்தை விற்றுத் தின்பதா என்று தோட்டத்துத் தாய்மார்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த ரோஷத்தை நாம் வணங்குகிறோம். நஷ்டஈடு உயிருக்கு விலையாகாது. ஆகுமென்று எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை. ஆயினும் தாயில்லாத பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கவேண்டியவர் யார்? குற்றம் ஒருவருடையதாயிருக்க, அதன் செலவை அந்த லயத்து வீடே சுமக்கவேண்டும் என்பதுதானா ரோஷம்? பணம் வேண்டாமென்பவரும் விளக்கம் வேண்டாமென்று சொல்லத் தேவையில்லை. மருத்துவ அறிக்கை வேண்டுமென்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்து, கட்டணம் கட்டிப் பெறலாம். அதற்கு வக்கீல் வேண்டாம். வழக்குக்குத்தான் வக்கீலும், இன்னொரு டாக்டரின் சாட்சியமும், நீண்ட பொறுமையும் வேண்டும். அறிக்கையைப் படித்தபின் குற்றமில்லையென்று தெரிந்தால், அந்த வீட்டில் அன்றைக்கு வரும் உறக்கம் நஷ்டஈட்டால் வராது.

ஆனால் காலம் காத்திருப்பதில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியின்மேல் வழக்கிடுவதாயின், 1948ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றின்படி 36 மாதங்களுக்குள் இடவேண்டும். தனியார் ஆஸ்பத்திரியின் சிகிச்சைக்குப் பொதுவாக ஆறு வருஷமென்றாலும், இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்தார் அந்த இறப்புக்காகத் தொடுக்கும் வழக்குக்கு 1956ஆம் வருஷத்துச் சட்டம் மூன்றே வருஷம் கொடுக்கிறது. துக்கம் ஆறி, கடன் அடைந்து, விவரம் தெரிந்தவர் ஒருவரைக் கண்டு பேசுவதற்குள் அது கழிந்துவிடும்.

இதை எழுதும் நாளில் அந்தத் தாய் இறந்து பதினொரு மாதமாகிறது. கணவர் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார். அதில் மலாய் மொழியில் எழுதியிருக்கும் நோயின் பெயர் என்னவென்று தன் பள்ளிக்கூடத்து ஆசிரியையிடம் காட்டிக் கேட்கப்போவதாக, சென்ற வாரம் போனபோது மூத்த மகள் நம்மிடம் சொன்னாள். கணவர் தடுக்கவில்லை.