நடுநிலைச் சாம்பல்

கலர் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் எதுவுமே தன் நிறத்தில் இருக்காது. நீல வானம் பழுப்பாகத் தெரியும், இலை செவ்வூதாவாகத் தெரியும், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு ஆரஞ்சுப் போர்வை. அந்த ஆரஞ்சு சும்மா வந்ததில்லை. ஃபிலிமில் உருவாகும் சாயங்கள் சுத்தமானவை அல்ல. செவ்வூதாச் சாயம் பச்சை ஒளியை மட்டும் தடுக்க வேண்டும், ஆனால் கொஞ்சம் நீலத்தையும் தடுத்துவிடும். 1940களில் கோடக் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குறையை ஒழிக்க முடியாது, சரி, அதை ஃபிலிம் முழுக்க ஒரே அளவில் பரப்பிவிடுவோம் என்றார்கள். ஒரே அளவில் இருக்கிற குறையை மொத்தமாகக் கழித்துவிடலாம் அல்லவா? அந்த ஆரஞ்சுதான் இது.

ஆக, கலர் நெகட்டிவில் ‘இருக்கிறபடி’ என்று ஒன்று கிடையாது. யாரோ ஒருவர் ஆரஞ்சைக் கழித்து, தலைகீழாக்கி, எது வெள்ளை, எது கறுப்பு, எது இரண்டுக்கும் நடுவிலான சாம்பல் என்று சொல்ல வேண்டும். அந்தச் சாம்பலை முடிவு செய்துவிட்டால் மற்ற நிறங்கள் தானாக வரிசையில் வந்து நிற்கும். இதைத்தான் கலர் பேலன்ஸ் என்கிறோம். கேள்வி என்னவென்றால், அந்த நடுவை முடிவு செய்கிறவர் யார்? எதை வைத்து?

பல பத்தாண்டுகளுக்கு இதற்கு ஒரு பதில் இருந்தது. 1950களிலிருந்து கோடக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி கார்டு’ என்று அதற்குப் பெயர். அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. கறுத்த முகம் சேற்றுத் திட்டாக வந்தாலும் மெஷின் சரிதான். பல இன முகங்கள் கொண்ட கார்டு வந்தது 1990களில்தான். நமக்கு ஊட்டியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்தது, ‘இந்து’ ஃபிலிம் இருந்தது. ஆனாலும் கலருக்கான அளவுகோல் பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்தது. மிச்சத்தை நாமே பார்த்துக்கொண்டோம். பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனால், நீங்கள் கேட்காமலே, “கொஞ்சம் வெளுப்பா போட்டுட்டேன் தம்பி” என்று ஸ்டுடியோவில் நீட்டுவார்களே, அதுவும் ஒரு கலர் பேலன்ஸ்தான்.

இப்போது இந்தக் கேள்வியை எண்ணூருக்குக் கொண்டுபோவோம்.

தமிழில் சாம்பல் என்றால் நிறமும் அதுதான், பொருளும் அதுதான். போட்டோக்காரர்கள் கையில் வைத்திருக்கும் 18 சதவீதச் சாம்பல் அட்டை நிறத்தின் நடுநிலையைக் காட்டுவது. எண்ணூர்ப் பக்கம் செப்பாக்கத்தில் அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம் இருக்கிறது. குழாய் வழியாகப் போகும் சாம்பல் குழம்பு கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் படிந்திருக்கிறது. அந்த மண்ணைப் படமெடுத்து ஸ்கேனரில் போட்டால், மென்பொருள் சந்தோஷப்படும். தேடிய நடுநிலை தட்டில் வைத்ததுபோல் கிடைத்துவிடுகிறது. ஆற்றைக் கெடுத்த பொருள்தான் அந்தப் படத்தின் நீதிபதி.

ஆட்டோ கரெக்‌ஷன் பெரும்பாலும் ஒரு எளிய நம்பிக்கையில் ஓடுகிறது: ஒரு காட்சியில் எல்லா நிறங்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் சாம்பல்தான் வரும், வரவில்லை என்றால் ஏதோ தப்பு. காசிமேட்டில் நல்ல வெயிலில் படகும் வலையும் கூட்டமுமாக எடுத்த படத்துக்கு இது பொருந்தும். திருவொற்றியூரிலிருந்து வடக்கே விடிகாலையில் மஞ்சளும் பழுப்புமாகத் தொங்கும் மூட்டத்துக்குப் பொருந்தாது. மெஷினுக்கு அது புகை இல்லை, கலர் பிழை. துடைத்துவிடும். கையில் கிடைப்பது சுத்தமான காலை.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாம் கறுப்பு. அதை எந்த ஆட்டோவும் மறைக்கவில்லை, மறைக்கவும் முடியாது. விபத்து எந்த பேலன்ஸிலும் தப்பிப் பிழைக்கும். அழிந்துபோவது தினசரி நடக்கிற மெதுவான கேடுதான். அதைப் பார்க்க ஒரு ஒப்பீடு வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாக ‘சரி’ செய்யும்போது அந்த ஒப்பீடுதான் முதலில் காணாமல் போகிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பொய் இருக்கிறது. வடசென்னை என்றாலே பழுப்பு, துரு, பச்சை படிந்த நிழல் என்று ஏற்றிவிடுவது. அங்கேயும் பளிச்சென்று நீலம் அடித்த வீடு இருக்கிறது, ரோஸ் கலர் பாவாடை இருக்கிறது, மழைக்கு மறுநாள் கண்கூசும் வானம் இருக்கிறது. அதையெல்லாம் அழுக்காக்கிக் காட்டுவது அனுதாபம் ஆகாது.

இங்கே ஒருவர் மடக்கலாம். “அங்கே இருக்கிறவங்க கண்ணுக்கு அந்த மஞ்சள் தெரியவே தெரியாதே?” உண்மைதான். மனிதக் கண் ஒளிக்குப் பழகிக்கொள்ளும். மஞ்சள் மூட்டத்திலும் சிவப்புப் புடவை அவருக்குச் சிவப்புதான். அப்படியென்றால் மூட்டத்தை அப்படியே காட்டும் படம் வெளியாளின் பார்வைதானே? அவர் பார்க்கும் உலகத்தைத் துடைத்த படமல்லவா சரியாகச் சொல்கிறது?

இதை லேசாகத் தள்ள முடியாது. ஆனால் பழகிப்போவதும் சம்மதிப்பதும் ஒன்றில்லை. கண் பழகிக்கொள்ளும், நுரையீரல் பழகிக்கொள்ளாது. ராயபுரத்தில் துறைமுக நிலக்கரித் தூசி வீட்டுக்குள் வந்து படிந்த காலத்தில், மக்கள் அதற்கு ‘பழகி’த்தான் இருந்தார்கள். பழகிய அதே காலத்தில்தான் புகாரும் சொன்னார்கள். 2011இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பின் நிலக்கரி சென்னைத் துறைமுகத்தை விட்டு எண்ணூருக்குப் போனது. தூசி ஒழியவில்லை, முகவரி மாறியது. ஒரு இடத்தைத் துடைத்துக் காட்டும்போது அழுக்கு எங்கே போகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஸ்கேனிலும் அப்படித்தான்.

என் பதில் இது. முகத்துக்கு ஒரு நியாயம், இடத்துக்கு ஒரு நியாயம். ஒருவர் தன் வீட்டுச் சுவரில் மாட்ட எடுத்த படமென்றால் அவர் கண்தான் அளவுகோல். அவர் தோல் அவருக்குத் தெரிந்த நிறத்தில் வர வேண்டும், வெளுக்கவும் கூடாது, சேறாகவும் கூடாது. அதற்கு எடுக்கும்போதே ஒரு ஸ்டாப் கூடுதலாக வெளிச்சம் கொடுங்கள். நெகட்டிவ் தாங்கும். வெளிச்சம் குறைந்த நிழலில் பதியாத நிறத்தை ஸ்கேனரால் பிறகு கொண்டுவர முடியாது. இடத்தைப் பற்றிய படமென்றால், ரோலின் முதல் ஃப்ரேமில் நல்ல வெயிலில் சாம்பல் அட்டையை எடுங்கள். ஆட்டோவை அணைத்து, வெளிச்சம் படாத ஃபிலிம் ஓரத்தை வைத்து ஆரஞ்சைக் கழியுங்கள். அட்டையில் கிடைத்த அளவை 36 ஃப்ரேமுக்கும் மாற்றாமல் போடுங்கள். மயிலாப்பூரும் எண்ணூரும் ஒரே ரோலில், ஒரே அளவில் இருக்கட்டும். வித்தியாசம் இருந்தால் அது ஊரின் வித்தியாசம்.

குறளில் 12ஆவது அதிகாரம் நடுவு நிலைமை. தராசுக்காரர் சும்மா நின்றால் வருகிற நிலை இல்லை அது, அவர் தெரிந்து செய்ய வேண்டிய காரியம். ஸ்கேனர் முன்னால் உட்காரும்போதும் அதுதான். நடு எது என்று நீங்கள் சொல்லாவிட்டால், மெஷின் சொல்லிவிடும். எங்கிருந்து அளந்தோம் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுவது பெரிய வேலையில்லை. பார்க்கிறவர் அங்கிருந்து நம்மோடு சண்டை போடலாம்.