உட்கார வைத்துப் பரிமாறினால்

மலேசியாவின் லாபு ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நீலாயிலும் சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் மாதச் சம்பளக்காரர்கள். லாபு நிலையத்தில் கோமூட்டர் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், தலைநகரம் வந்துவிடும். அங்கே பிரெஞ்சு முறையில் பத்துப் பன்னிரண்டு சிறு தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறி, தலைக்குப் பல நூறு ரிங்கிட் வாங்கும் உணவகங்கள் இருக்கின்றன. டேஸ்டிங் மெனு என்கிறார்கள். திருமண நாளுக்கோ பதவி உயர்வுக்கோ ஒருவர் அங்கே போய்வந்தால் சொந்தபந்தத்தில் முதலில் கிளம்பும் பேச்சு, "ஒரு வேளைச் சோத்துக்கா இவ்வளவு காசு?" என்பதுதான். போய்வந்தவருக்கும் உள்ளூர ஓர் உறுத்தல் இருக்கும். வீட்டில் விலையைக் குறைத்துச் சொல்வார். அந்த உறுத்தலை நான் மதிக்கிறேன். பற்றாக்குறையைப் பார்த்த குடும்பத்தில் அது இருக்கத்தான் வேண்டும். ஆனால், அது குத்த வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ குத்துகிறது என்றே நினைக்கிறேன்.

இந்தச் சாப்பாட்டில் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பதை முதலில் பார்க்க வேண்டும். பட்டியலைப் புரட்டித் தேர்ந்தெடுக்கும் வேலை இங்கே கிடையாது. சமையற்காரர் முடிவு செய்தது, அவர் வகுத்த வரிசையில், அவர் வைத்த அளவில் வரும். கட்டைவிரல் பருமனில் ஒரு கடியில் தொடங்கி, மீன், இறைச்சி, சீஸ், இனிப்பு என்று போகும். ஒரே ஒரு தட்டை எடுத்துக்கொள்வோம்: வாத்துக்கறி மூன்று துண்டு, பக்கத்தில் ஒன்றரை ஸ்பூன் கரும்பழுப்புச் சாறு. அந்தச் சாற்றுக்காக எலும்பைச் சிவக்க வறுத்து, வெங்காயம், கேரட், செலரியோடு தண்ணீரில் போட்டு, தளதளவென்று கொதிக்கவிடாமல் மெல்லிய சூட்டிலேயே பல மணி நேரம் வைத்திருப்பார்கள். மேலே திரளும் நுரையை ஒருவர் நின்று எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு வடிகட்டி, மறுபடி சுண்டக் காய்ச்ச வேண்டும். அண்டா நிறைய ஏற்றியது கடைசியில் கிண்ணத்துக்குள் அடங்கிவிடும். தொட்டால் விரலில் ஒட்டும். அதை ஒன்றரை ஸ்பூன் மட்டும் வைப்பதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது. நான்காவது ஸ்பூனில் நாக்கு அலுத்துவிடும் என்பது சமைத்தவருக்குத் தெரியும். அளவைக் குறைத்து, சாப்பிடுபவரின் கவனத்தைக் கூட்டுகிறார்கள். பிறர் இவ்வளவு நேரம் பாடுபட்டதை, நாம் அவசரமில்லாமல் உட்கார்ந்து, வேறு வேலை எதையும் நினைக்காமல் ருசிப்பதற்கு இரண்டரை மூன்று மணி நேரம் கிடைக்கிறது. விலை அந்த நேரத்துக்கும் உழைப்புக்கும்தான்.

இதில் வரிசை என்பது நமக்குப் புதிதல்ல. பிரெஞ்சுக்காரர்களுக்குத்தான் அது பின்னால் வந்தது. அவர்களின் பழைய விருந்தில் எல்லாப் பண்டங்களையும் மேசையில் ஒருசேரப் பரப்பினார்கள். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறுவது ரஷ்ய வழக்கம், 19ஆம் நூற்றாண்டில்தான் பாரிஸில் வேரூன்றியது. கோ, மியோ என்ற இரண்டு விமர்சகர்கள் 1973இல் 'புதிய சமையல்' என்று கொடிபிடித்த பிறகே கனத்த மாவுச் சாறுகள் குறைந்து இலேசான சமையல் மேலோங்கியது. பருப்பு நெய், சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று நம் இலையிலும் முன்பின் உண்டு. ஆனால் இலைப் பந்தியில் அளவு நம் கையில் இருக்கிறது. போதும் என்று கைகாட்டும் வரை போட்டுக்கொண்டே இருப்பது அங்கே விருந்தோம்பல். டேஸ்டிங் மெனுவிலோ அளவைப் பிறர் கையில் விட்டுவிட்டு உட்கார்கிறோம்.

அளவைப் பிறர் தீர்மானிப்பது தோட்டத்துச் சனங்களுக்கும் பழகியதுதான், நேர்மாறான விதத்தில். மலாயாத் தோட்டத்துத் தமிழர்களின் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்றிருந்தது, 1930களின் பொருளாதார மந்தத்தில் 28 காசாகவும் 24 காசாகவும் இறங்கியது. உடம்பு மறுநாள் பெரட்டு என்ற காலை ஆள்கணக்குக்கு வந்து நிற்க எவ்வளவு வேண்டுமோ, கூலியும் அரிசியும் அந்தக் கணக்குக்குள் நின்றன. அந்தக் கணக்கில் கடைசியாகச் சாப்பிட்டவள் பெண். விடியுமுன் எழுந்து உலை வைத்து, பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, உளியோடு நிரைக்குப் போய், மங்குகளில் பால் சொட்டும் நேரத்தில் பால்வாடை போகாத கையோடு மரத்தடியில் பசியாறினாள். மாலையில் லயத்துக்குத் திரும்பி மறுபடி அடுப்பு மூட்டி, எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்றாள். ஆயுள் முழுக்கச் சமைத்த அவளை யாரும் உட்கார வைத்துப் பரிமாறவில்லை. கவனித்துச் சாப்பிட அவளுக்கு நேரம் இருந்ததில்லை. எனவே, நிதானமாக ருசித்துச் சாப்பிடுவது மேட்டுக்குடிச் சொகுசு, நமக்கு எதற்கு என்று அவளுடைய பேரன் சொன்னால், அது எளிமை என்று எனக்குத் தோன்றவில்லை. அவளுக்கு மறுக்கப்பட்டதை, மறுத்தவர்களின் வாயாலேயே அவனும் மறுக்கிறான்.

காசைப் பற்றிய மறுப்பு வலுவானது. 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். இரண்டு பேர் ஒரு மாலை இப்படிச் சாப்பிட்டால் அதில் பெரும்பங்கு போய்விடும். கடன் வாங்கியோ, பிள்ளையின் பள்ளிச் செலவை ஒத்திப்போட்டோ போவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் கல்யாண மண்டபத்துக்கும் மேடை அலங்காரத்துக்கும் பல்லாயிரம் ரிங்கிட் போகும்போது இதே கேள்வியை இதே குரலில் யாரும் கேட்பதில்லை. அதற்கும் ஒரு நியாயம் சொல்வார்கள்: அது ஊர்கூடிச் சாப்பிடுவது, இது தனியாகத் தின்பது என்று. பாதி சரி. பந்தியில் ஊருக்குப் பசி தீர்கிறது, மனம் நிறைகிறது. ஆனால் பந்தியில் ஊருக்குப் போட்ட வீட்டுப் பெண்கள் கடைசியில் ஆறிய சோற்றோடு எழுந்துவிடுவதையும் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஊர்கூடிய விருந்து இருக்கட்டும். ஒருத்தியை மட்டும் உட்கார வைக்கும் சாப்பாட்டையும் வீண்செலவுக் கணக்கில் எழுத வேண்டியதில்லை.

அந்த உறுத்தல் உண்மையாகவே குத்த வேண்டிய இடம் சமையலறை. இந்த உணவகங்களுக்கு நட்சத்திரம் தரும் மிச்செலின் ஒரு டயர் நிறுவனம். மக்கள் காரில் ஊர் சுற்றட்டும், டயர் தேயட்டும் என்று 1900இல் தன் வழிகாட்டி நூலை இலவசமாக வெளியிட்டது. 1926இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் போடத் தொடங்கியது. அந்த நிறுவனமே வியட்நாமில் பு ரியெங் என்ற ரப்பர் தோட்டத்தை நடத்தியது. 1930இல் அங்கே தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மலாயாவில் நம்மவர்கள் வெட்டிய பாலும் பெரும்பாலும் டயராகத்தான் உருண்டது. அந்த வழிகாட்டி 2022 டிசம்பரில் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வந்து சேர்ந்தது. தோட்டத்து வம்சம் அந்த நட்சத்திரத்தைப் பார்க்கும்போது, பளபளப்புக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கேட்பது இயல்பு. கேட்கவும் வேண்டும். உலகின் சிறந்த உணவகம் என்று ஐந்து முறை பெயர் வாங்கிய கோபன்ஹேகனின் நோமா, 2022 அக்டோபர் வரை தன் பயிற்சியாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கொடுக்கத் தொடங்கிய சில மாதங்களில், 2023 ஜனவரியில், வழக்கமான உணவகமாக நடப்பதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. கூலியில்லாத கைகள் இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய தட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை ருசிக்கும் உரிமையைக் காசு மட்டும் வாங்கித் தராது. விலை அதிகம் என்பதைவிட, அந்த விலை நுரை எடுக்க நின்றவருக்குப் போய்ச் சேர்கிறதா என்பதே தோட்டத்துக்காரன் கேட்க வேண்டிய கேள்வி. கூலியை ஒழுங்காகக் கொடுக்கும் உணவகம் விலையைக் கூட்டித்தான் ஆகும். அந்த விலையைப் பார்த்து நான் முகம் சுளிக்கமாட்டேன்.

வெள்ளைக்காரன் ருசி நமக்கெதற்கு என்பாரும் உண்டு. இது இப்போது பழைய பேச்சு. கோலாலம்பூரின் டேவாகான் உணவகம் உள்ளூர்க் கீரையும் காட்டுப் பழமும் வைத்தே டேஸ்டிங் மெனு சமைத்து, 2023 டிசம்பரில் இரண்டாவது நட்சத்திரம் பெற்றது. முறை எங்கிருந்து வந்தாலும் விளைச்சல் இந்த மண்ணுடையது. அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காது, கடைசியில் ரசச்சோறு கேட்பார் என்று பிள்ளைகள் தாங்களே முடிவு செய்துவிடுவதுதான் எனக்கு வருத்தம். நாற்பது ஆண்டு அடுப்பைப் பார்த்தவருக்குச் சாறு சரியாகச் சுண்டியதா, உப்பு ஒரு கல் கூடிவிட்டதா என்று சொல்லத் தெரியாதா? பிடிக்கவில்லை என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. சாப்பிட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். கூட்டிப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்துவிட வேண்டும். பிரெஞ்சுச் சமையலில் கன்றின் எலும்புச் சாறு பல தட்டுகளில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். மாடு சாப்பிடாத வீடானால், இடம் பதியும்போதே, மாட்டிறைச்சி மட்டுமல்ல, அதன் சாறும் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல சமையலறை அதற்கு வேறு சாறு காய்ச்சிக் கொடுக்கும்.